இருவரும் ஒரு பழைய வேனும்: கந்தப்பளைக்கு ஏறும் மலைவீதி

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, உடைப்பெட்டி ஆகிய அனைத்தையும் ஒரே வேனுக்குள் அடக்கி, பகலில் அதை ஓட்டிச் சென்று இரவில் அதிலேயே உறங்கும் பயணமுறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பாவில் வேரூன்றி, இன்று உலகின் பல நாடுகளில் தனியொரு பண்பாடாகவே வளர்ந்துள்ளது. இதற்கெனப் பயன்படும் ஊர்தி கேம்பர் வேன் எனப்படும். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கேரவன், திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடைவேளையில் இளைப்பாறும் பெரிய வாகனமாகும். கேம்பர் வேன் அதைவிடச் சிறியது, பெரும்பாலும் இருவருக்கே வசதியாக இடம் தருவது, நீண்ட தூரம் ஓடுவதற்கென்றே ஆயத்தப்படுத்தப்படுவது. ஆகவே இவ்வகைப் பயணத்தை மேற்கொள்வோருள் கணவன் மனைவியர் மிகுதியாக உள்ளனர். அவர்களுள்ளும் ஒரு சாரார், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் தயாரான பழைய வேனையே தேடிப் பிடித்துச் செப்பனிட்டு மலைப்பாதைகளில் ஓட்டுகின்றனர்.

இலங்கையின் மத்திய மலைநாடு இத்தகைய பயணத்துக்கு மிகவும் பொருந்திய நிலப்பகுதியாகும். கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை என நீளும் வீதி, பள்ளத்தாக்கின் வெப்பத்தையும் உறைபனி விழும் மேட்டுநிலத்தின் குளிரையும் ஒரே நாள் ஓட்டத்துக்குள் உணர்த்தவல்லது. எனினும் பயணிகள் கண்டு களிப்பதற்காக அவ்வீதி அமைக்கப்படவில்லை. மலைநாட்டு வீதிகள் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக, தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பைப் பெரிதும் கொண்டு வெட்டப்பட்டவை. மாட்டு வண்டியின் நடைக்கு அளந்து அமைக்கப்பட்ட அத்தகைய வீதியை அதற்குரிய வேகத்தில் கடக்கும்போதே அதன் வேலைப்பாடும், அதன் ஓரத்தில் வாழும் மக்களின் வாழ்வும் புலப்படும் என்பதும், ஆற்றல் குறைந்த பழைய வேன் அந்த வேகத்தைத் தன் இயல்பாலேயே பயணிகளுக்கு விதித்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரை விளக்க முற்படும் கருத்தாகும்.

வண்டி வீடான வரலாறு

வழிப்பயணத்தில் குடித்தனம் நடத்துவது தமிழருக்குப் புதியதன்று. அரிசி, பாத்திரம், பாய் ஆகியவற்றைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மரநிழலில் சமைத்து, வண்டியடியில் உறங்கி, தொலைவிலுள்ள கோயில் திருவிழாவுக்குச் சென்று மீண்ட குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் சென்ற நூற்றாண்டிலும் இருந்தன. மலையகத்தில் பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கதிர்காமத்துக்கும் சிவனொளிபாத மலைக்கும் வேன் பிடித்துச் செல்வதும், வசதியான இடத்தில் இறங்கி அடுப்பு மூட்டிச் சமைப்பதும் இன்றும் தொடரும் வழக்கமாகும்.

ஐரோப்பாவில் ஓய்வுப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட வீட்டு வண்டிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, மருத்துவரும் எழுத்தாளருமான கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலையொன்றில் செய்வித்த, குதிரைகள் இழுத்த 'வாண்டரர்' என்னும் வண்டியாகும். எஞ்சின் பூட்டிய கேம்பர் வேன் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. நெதர்லாந்தைச் சேர்ந்த கார் இறக்குமதியாளரான பென் பொன், 1947 ஏப்ரலில் தம் குறிப்பேட்டில் வரைந்த பெட்டி வடிவ வாகனத்தின் எளிய கோட்டுச் சித்திரத்திலிருந்து, ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 'டைப் 2' என்னும் வேனை உருவாக்கி 1950 மார்ச்சில் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அவ்வேனுக்குள் பொருத்தத்தக்க படுக்கையையும் அலுமாரியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் மார்ட்டின் வோல்டர் நிறுவனம் பெட்ஃபர்ட் வேன்களின் கூரையை ஒரு பக்கமாகத் திறந்து உயர்த்தும் 'டோர்மொபைல்' அமைப்பைப் புகழ்பெறச் செய்தது. வொல்க்ஸ்வாகனின் அந்த வேன் வரிசை பிரேசில் நாட்டில் 2013ஆம் ஆண்டின் இறுதிவரை உற்பத்தியானது என்பதிலிருந்து அதன் நீண்ட ஆயுளை உணரலாம்.

பழைய வாகனம் என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. உலகெங்குமுள்ள பழைய வாகனச் சங்கங்களை இணைக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, குறைந்தது 30 ஆண்டு வயதுடையதும், அதன் தொடக்க வடிவம் சிதையாமல் பேணப்படுவதும், நாளாந்தப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான ஊர்தியையே வரலாற்று ஊர்தி என ஏற்கிறது.

தம்பதியர் மேற்கொண்ட நெடும்பயணங்களுள் இரண்டு இங்கு குறிப்பிடத்தக்கவை. டோனி வீலரும் மோரின் வீலரும் 1972ஆம் ஆண்டு 65 பவுணுக்கு வாங்கிய பழைய மினி வாகனமொன்றில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஆப்கானிஸ்தானில் அதை விற்றுவிட்டுத் தொடர்ந்து அவுஸ்திரேலியாவை அடைந்தனர். அவ்வனுபவத்தைக் கொண்டு அவர்கள் 1973இல் வெளியிட்ட சிறுநூலே லோன்லி பிளானட் என்னும் பயண நூல் பதிப்பகத்தின் தொடக்கமாயிற்று. ஜேர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டோர்ஃபும் அவருடைய மனைவி கிறிஸ்டீனும், 1988இல் தயாரான ஒரே மெர்சிடிஸ் ஜீப் வகை வாகனத்தில் உறங்கியெழுந்து உலகைச் சுற்றினர்; 2010இல் மனைவி இறந்த பின்னரும் கணவர் பயணத்தைத் தொடர்ந்து, 2014இல் அதை நிறைவு செய்தபோது அவ்வாகனம் ஏறத்தாழ 9 இலட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அயலிலே கேரள அரசு 2021ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்து, தனியாரின் பங்களிப்போடு அத்தகைய வாகனங்களையும் அவை தங்கும் பூங்காக்களையும் ஊக்குவித்து வருகிறது.

பழையதைப் பேணும் தீவு

இலங்கையில் பழைய வாகனங்கள் இன்றும் வீதியில் ஓடுவதற்கு விருப்பத்தைவிடத் தேவையே முதற்காரணமாகும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நேரும்போதெல்லாம் வாகன இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது இந்நாட்டின் பொருளாதாரக் கொள்கையில் திரும்பத் திரும்பக் காணப்படும் நடவடிக்கை. 1970களின் முற்பகுதியில் அது கடுமையாக இருந்தது, 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே தளர்த்தப்பட்டது. புதிய வாகனம் கிடைக்காத காலங்களில் கையிலுள்ளதைச் செப்பனிட்டு ஓட்டும் திறமை சிறு நகரங்களின் கராஜ்களில் வளர்ந்தது. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனர் காருக்கு இலங்கையில் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு, 1990களில் அவை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பது அத்திறமைக்குச் சான்றாகும்.

மலைநாட்டுக்கும் பழைய வாகனங்களுக்கும் உள்ள உறவில் விளையாட்டுக்கும் பங்குண்டு. நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்களோடு தொடர்புடைய மாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கியது. மலையேற்றப் போட்டி என்பது, வாகனங்கள் ஒன்றோடொன்று முந்தாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே தோட்டத்துப் பாதையில் ஏறி, எடுத்துக்கொண்ட நேரத்தால் மதிப்பிடப்படும் போட்டியாகும். அன்றாட வாழ்விலோ மலைநாட்டின் வேன் என்றால் மக்கள் 'டொல்பின்' எனச் செல்லப்பெயரிட்டழைக்கும் பழைய டொயோட்டா ஹயேஸ் நினைவுக்கு வரும். பாடசாலைப் பிள்ளைகளையும், திருமண வீட்டாரையும், வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளிகளையும் ஏற்றிப் பழகிய அவ்வேன்களின் பெட்டி வடிவமும் உயரமும் படுக்கை போடுவதற்கும் ஏற்றவையே.

பழைமையைப் பேணும் மனப்பான்மைக்குக் கந்தப்பளையிலேயே மற்றொரு சான்று உண்டு. ஊருக்கு மேலே, ஹெதர்செட் தோட்டத்தில் இயக்கம் நின்று கிடந்த தேயிலைத் தொழிற்சாலை, இடித்துத் தள்ளப்படாமல், அதன் இரும்புத் தூண்களும் யன்னல் வரிசைகளும் இயந்திரங்களும் காக்கப்பட்ட நிலையில் 1996ஆம் ஆண்டு ஹோட்டலாக மாற்றப்பட்டது. தோட்ட மக்கள் 'ஸ்டோர்' எனக் குறிப்பிடும் இத்தகைய கட்டடங்களில், பறித்த கொழுந்தை வாட்டுவதற்கு மேல்மாடிகளும் அரைப்பதற்கும் காயவைப்பதற்கும் கீழ்த்தளமும் பயன்பட்டன. காற்று தாராளமாகப் புகவேண்டும் என்பதற்காகவே சுவரெங்கும் யன்னல்கள் வைக்கப்பட்டன.

வீதியை வெட்டியோர்

பிரித்தானியர் 1815இல் கண்டியைக் கைப்பற்றியபோது மலைநாட்டில் சக்கர வண்டி செல்லத்தக்க வீதிகள் இருக்கவில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் தொடங்கிய கொழும்பு–கண்டி வீதி கடுகண்ணாவைக் கணவாயைத் துளைத்து ஏறியது. அதன் பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கு நிற்கிறது. பின்னர் தோமஸ் ஸ்கின்னர் என்னும் அதிகாரி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தீவின் வீதிப்பணியோடு பிணைந்திருந்தார். தொடக்கத்தில் இராஜகாரிய முறையின்படி சிங்களக் குடியானவர்கள் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. 1832இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. எனினும், ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்ய வேண்டும் அல்லது 3 சிலிங் செலுத்த வேண்டும் என 1848இல் சட்டம் இயற்றப்பட்டபோது, அது அவ்வாண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. வீதிப் பணிக்கான படையணிகளிலும் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தமிழர் சேர்க்கப்பட்டனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்த அம்மக்களுள் பெருந்தொகையினர் பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டனர். அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது.

கோப்பியை இலைநோய் 1869ஆம் ஆண்டு முதல் அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்கு முன்னர் விளைபொருள் முழுவதும் இரட்டை மாட்டுக் கரத்தைகளிலேயே இறங்கியது. ஆகவே வீதியை வகுத்தோர், சுமை ஏற்றிய மாடு மூச்சுத் திணறாமல் ஏறும் சாய்வைக் கணக்கிட்டு, மலையைச் சுற்றிச் சுற்றியே பாதையைக் கொண்டுசென்றனர். றம்பொடைக்கு மேலுள்ள கொண்டை ஊசி வளைவுகள் இவ்வாறு தோன்றியவை: செங்குத்தான சரிவில் சாய்வைக் குறைக்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்டவேண்டும், தூரத்தைக் கூட்ட இடமில்லாதபோது பாதை தன்மேலேயே மடிந்து திரும்பவேண்டும்.

மலைவீதியொன்றை நின்று கூர்ந்து நோக்கினால் அதன் உயிர்நிலை தார்ப்பரப்பில் இல்லை என்பது விளங்கும். மலைப்பக்க ஓரத்தில் ஓடும் கான், அதாவது நீர்வடிகால், மேலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடித்துக்கொள்கிறது. குறிப்பிட்ட இடைவெளிகளில் அமைந்த மதகுகள் அந்நீரை வீதியின் அடியாகக் கடத்திப் பள்ளப்பக்கம் விடுகின்றன. அப்பக்கத்தில் கல்மேல் கல் பொருத்திக் கட்டிய தாங்குசுவர் வீதியின் விளிம்பைத் தாங்குகிறது. கான் இலைகுழையால் அடைபட்டால் நீர் வீதியின் மேல் பாய்ந்து தாரை அரித்துத் தாங்குசுவரின் பின்புற மண்ணை ஊறவைக்கும். அதன் பின்னர் ஒரே பெருமழையில் வீதியின் பாதி பள்ளத்தாக்கில் போய்விடும். தோட்டங்களில் கான் வெட்டுவது கொழுந்து பறிப்பதைப் போலவே அன்றாட வேலையாக விளங்கியதால், மலைமண்ணையும் நீரையும் பற்றிய அவ்வறிவு தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளரின் கையிலேயே இருந்து வந்தது.

நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளைக்கு ஒருகாலத்தில் புகையிரதமும் ஓடியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலம் மட்டுமே கொண்ட தண்டவாளத்தில் அமைந்த சிறுபாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, 1940களில் மூடப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 6,316 அடி, அதாவது சுமார் 1,925 மீட்டர் உயரத்தில் இருந்த கந்தப்பளை நிலையம், பட்டிப்பொலைக்கு அருகிலுள்ள இன்றைய பிரதான பாதையின் உச்சியைக் காட்டிலும் உயரமானது. புகையிரதம் நின்றபின் தேயிலையும் மரக்கறியும் மக்களும் முழுமையாக வீதியையே நம்பவேண்டியதாயிற்று. இன்றும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஏற்றிய லொறிகள் இவ்வீதியில் இடைவிடாது இறங்குகின்றன.

ஏற்றத்தின் கணக்கு

கம்பளையிலிருந்து கந்தப்பளைக்குச் செல்லும் வேன் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைகிறது. 1,900 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு அளவே. எஞ்சின் உறிஞ்சும் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் குறைவதால், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ அமைப்பு இல்லாத பழைய எஞ்சின் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழக்கிறது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பழைய கருவியான காபுரேற்றர், காற்று மெலிந்ததை அறியாமல் முன்போலவே எரிபொருளை விடுவதால் கலவை தடித்துக் கரும்புகையும் தள்ளாட்டமும் ஏற்படும். 1950இல் வெளிவந்த வொல்க்ஸ்வாகன் வேனின் எஞ்சின் 25 குதிரைவலு மட்டுமே கொண்டது. பின்வந்த மாதிரிகளில் அது 40, 50 என உயர்ந்தாலும், படுக்கையும் தண்ணீரும் இருவரும் ஏறியபின் றம்பொடை ஏற்றத்தை இரண்டாம் கியரிலேயே கடக்க நேரும்.

அவ்வேனின் எஞ்சின் பின்புறத்தில் அமைந்திருப்பது மலையில் ஒரு நன்மையாகும். உந்தும் சக்கரங்களின் மேலேயே பாரம் அழுத்துவதால் ஈரமான ஏற்றத்திலும் அவை வழுக்குவது குறைவு. ஆனால் அது தண்ணீரால் குளிர்விக்கப்படாமல் காற்றாடியால் குளிர்விக்கப்படுவது. அக்காற்றாடியையும் மின்னாக்கியையும் ஒரே பட்டியே சுழற்றுகிறது. விரல் தடிப்பமுள்ள அந்த இறப்பர்ப் பட்டி அறுந்தால் சாரதியின் முன்னுள்ள சிவப்பு விளக்கு எரியும். பற்றரி மின்னேற்றம் பெறாததையே அவ்விளக்கு நேராகக் காட்டினாலும், எஞ்சினுக்குக் காற்று நின்றுவிட்டது என்பதே அதன் உண்மைப் பொருள். வளைவு தாண்டி வசதியான இடம் பார்ப்போம் என ஓட்டிச் செல்வோர் எஞ்சினையே இழப்பர். ஆகவே அனுபவமுள்ளோர் ஒரு மாற்றுப் பட்டியையும் அதை மாட்டும் சாவியையும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பர்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. பிரேக் என்பது வாகனத்தின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அவ்வெப்பம் ஆறுவதற்கு நேரம் இல்லாமல் தொடர்ந்து மிதித்தால் பிரேக்கின் உராய்வுப் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும், பழைய பிரேக் எண்ணெயில் ஊறிய ஈரம் ஆவியாகி மிதி தரைவரை இறங்கிவிடும். 1970ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வொல்க்ஸ்வாகன் வேன்களில் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை மூடிய உருளைக்குள் அமைந்த டிரம் பிரேக்குகளே. அவை தட்டு வடிவ டிஸ்க் பிரேக்குகளைவிட மெதுவாகவே ஆறும். எனவே எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. சிறிய கியரில் எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்து வேகத்தைக் காக்கும். மலைவீதியில் கவனம் எத்தனை உயிர்களோடு தொடர்புடையது என்பதை அண்மைய நிகழ்வுகள் வேதனையோடு உணர்த்துகின்றன. நானுஓயாவுக்கு அருகே ரதல்லைக் குறுக்குவீதியில் 2023 ஜனவரியில் நேர்ந்த விபத்தில் 7 பேரும், கொத்மலை கெரண்டிஎல்லவில் 2025 மே மாதம் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர்.

இருவரின் பங்கு

மலைவீதியில் ஓட்டுபவர் ஒருவரே எனினும் பயணத்தை நடத்துவோர் இருவர். இடப்பக்கமாக ஓடும் நம் நாட்டில் வலப்பக்கத்தில் அமர்ந்த சாரதிக்கு இடப்புற ஓரத்தின் கானும் கல்கட்டும் தெரிவதில்லை. எதிரே மரக்கறி லொறி வரும்போது எவ்வளவு ஒதுங்கலாம் என்பதை அருகில் இருப்பவரே பார்த்துச் சொல்லவேண்டும். ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிட வேண்டும் என்பது மலைவழக்கு, ஏனெனில் ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம். மூடுபனி இறங்கினால் முகப்பு விளக்கின் உயர்கதிர் பனித்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும் என்பதால், தாழ்கதிரை இட்டு, வளைவுக்கு முன் ஒலியெழுப்பி, யன்னலைச் சற்றுத் திறந்து எதிர்வரும் ஒலியைக் கேட்டு ஓட்டவேண்டும். அக்கேட்டலும் துணைவரின் பொறுப்பாகவே அமைகிறது. ஒருவர் களைத்தால் மற்றவர் ஓட்டத் தெரிந்திருப்பது வசதிக்காக மட்டுமன்றிப் பாதுகாப்புக்காகவும் வேண்டப்படுவது. மனைவியை வெறும் பயணியாகக் கருதும் பழக்கம் இங்கு நெடுநேரம் நீடிக்க முடியாது.

சமையலிலும் உயரத்தின் கணக்கு தொடர்கிறது. கந்தப்பளையில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறும் பருப்பும் வேக அதிக நேரம் ஆகும். அமுக்கச் சட்டியாகிய பிரஷர் குக்கர் அக்குறையைப் போக்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலை நிலவெப்பம் உறைநிலையைத் தொடும் நாட்களும் உண்டு. இருவரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் படிந்து நீராக வழிந்து, படுக்கையை நனைப்பதோடு தகட்டைத் துருப்பிடிக்கவும் வைக்கும். குளிருக்கு அஞ்சி யன்னல் அனைத்தையும் அடைத்து அடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்தாகும்; முழுமையாக எரியாத எரிபொருளிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலால் எரியும் எதையும் அணைத்துவிட்டு, கூரையிலோ யன்னலிலோ சிறு திறப்பு வைத்து, கம்பளியின் கதகதப்பிலேயே உறங்கவேண்டும்.

தங்குமிடமும் அயலாரும்

எங்கு நிறுத்தலாம் என்பது எளிய கேள்வியன்று. வீதியின் இருபுறமும் விரிந்த தேயிலை நிலம், 1970களில் தேசியமயமாக்கப்பட்டு, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் நடப்பது. கந்தப்பளைச் சூழலில் பார்க் தோட்டம், கோட்லோஜ், கொங்கோடியா முதலிய தோட்டங்கள் உள்ளன. தோட்டப் பாதைக்குள் வேனைத் திருப்புவோர் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெறவேண்டும். அதைவிட முதன்மையானது மற்றொன்று. தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயங்கள், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிறு காம்பராக்கள். பல லயங்களின் முற்றம் பாதையோடு ஒட்டியே இருக்கிறது. குளிப்பதும் துணி காயப்போடுவதும் பிள்ளைகள் படிப்பதும் அம்முற்றத்திலேயே நடப்பதால், அதன் எதிரில் வேனை நிறுத்துவது ஒருவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைவதற்குச் சமம். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பதும் அத்தகையதே. எடை பார்த்துக் கூலி கணிக்கப்படும் வேலை நேரத்தில் அவர்களை நிறுத்திவைப்பது அவர்களின் வருமானத்தையே குறைக்கும்.

மண்சரிவு பற்றிய கவனமும் இன்றியமையாதது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா சூறாவளி மலைநாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்து, வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பல இடங்களில் துண்டித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து வெளியிடும் எச்சரிக்கைகளில் விழிப்பு, தயார்நிலை, வெளியேற்றம் என்னும் படிகள் உண்டு. எச்சரிக்கை நிலவும் பகுதியில் சரிவின் அடியிலோ ஓடைக்கரையிலோ வேனை நிறுத்தி உறங்கலாகாது. நீரூற்று திடீரெனக் கலங்குவது, மரங்கள் சாய்வது, நிலத்தில் வெடிப்பு தோன்றுவது ஆகியவை மண் நகர்வதன் அறிகுறிகள். இவற்றை முதலில் காண்போர் அங்கு வாழ்வோரே. எனவே இரவு தங்குமுன் அவ்வூராரிடம் விசாரிப்பதே சிறந்த முன்னெச்சரிக்கை.

பழைய வேனின் குறைபாடுகளே பயணிகளையும் ஊராரையும் இவ்வாறு நெருங்கச் செய்கின்றன. வேகமான வாகனத்தில் ஏறுவோர் நுவரெலியா ஹோட்டலை அடையும்வரை ஒருவரிடமும் பேசவேண்டிய தேவை எழுவதில்லை. மெதுவாக ஏறி, எஞ்சின் ஆறுவதற்காக லபுக்கலையில் நின்று, தண்ணீருக்காகக் கந்தப்பளைக் கடைத்தெருவில் இறங்கி, தேய்ந்த பட்டியை மாற்ற கராஜைத் தேடும் தம்பதியர், ஊராரின் உதவியின்றி ஒரு நாளையும் கடப்பதில்லை. அவர்கள் செலவிடும் பணமும் தேநீர்க்கடையிலும் பேக்கரியிலும் மரக்கறிக் கடையிலும் கராஜிலும் பரவலாகத் தங்குகிறது. மலையகத் தமிழரின் உழைப்பால் தோன்றிய நிலக்காட்சியைச் சுற்றுலா விளம்பரங்கள் ஆளில்லாத பசுமையாகவே பெரும்பாலும் காட்டுகின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோராக்கப்பட்டு, அவ்வுரிமையின் முழு மீட்சிக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்த இம்மக்களை அறியாமல் அந்நிலத்தை அறிந்ததாகக் கூறுவது பொருளற்றது.

இங்கு ஆட்சியாளரின் கடமையும் தெளிவாகிறது. பிரதான வீதி அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்க, அதிலிருந்து லயங்களுக்குப் பிரியும் பல தோட்டப் பாதைகள் கல்லும் குழியுமாகவே கிடக்கின்றன. பிரசவ வலியெடுத்த பெண்ணை ஏற்றிய வாகனமும், வயல்காட்டிலிருந்து மரக்கறி இறக்கும் லொறியும், பாடசாலை வேனும் ஓடவேண்டியது அப்பாதைகளிலேயே. வாகனத் தரிப்பிடமும் காட்சிமேடையும் அமைப்பதற்கு முன்னர், கான்களைத் துப்புரவாக்கி, மதகுகளைச் செப்பனிட்டு, தாங்குசுவர்களைப் புதுப்பித்து, தோட்டப் பாதைகளைப் பொது வீதிகளாக ஏற்றுப் பராமரிப்பதே மலைநாட்டுச் சுற்றுலாவுக்கும் உறுதியான அடித்தளமாகும். அவ்வீதியில் ஆண்டு முழுவதும் நடப்போருக்கு எது பாதுகாப்பானதோ, அதுவே விடுமுறைக்கு வரும் இருவருக்கும் அவர்களின் பழைய வேனுக்கும் பாதுகாப்பானது. ஆகவே மலைவீதியின் தரத்தை அங்கு வாழ்வோரின் தேவையைக் கொண்டே அளக்க வேண்டும்.